குடைக்குள் நின்ற ஆள்

குடைக் கடைக்காரர் பையை மேசைமேல் விரித்துப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, நான் குடைதானே கேட்டேன்? குடைக்குள்ள யாரும்மா நிக்கிறது?" என்றார்.

பை அடித்துக் கொடுத்த மைக்காரி மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். "யாரும் இல்லையே சார். மை கொஞ்சம் திட்டுத்திட்டா இறங்கியிருக்கும்."

"திட்டுக்குக் காது இருக்குமா? இதோ பாரு, காது. இது தாடை. கண்ணு ரெண்டும் என்னையே முறைக்குது." மனிதர் கோபக்காரர் அல்ல. புதுக்கடை திறக்கப்போகிற பதற்றம், அவ்வளவுதான். "வெள்ளிக்கிழமை கடை திறக்கிறேன். வர்றவங்களுக்கு ஆளுக்கொரு பை குடுக்கப்போறேன். குடை வாங்க வந்தவன் கூடவே ஒரு ஆளையும் தூக்கிட்டுப் போறதா? நல்லா இருக்கே கதை! வேற அடிச்சுக் குடும்மா."

"குடுத்துடறேன் சார்."

அவர் பின்வாசல் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவள் மேசைப் பக்கம் திரும்பவில்லை. பார்த்துத்தான் தெரியவேண்டுமா? வெளிர்த்துணியில் பெரிய நீலக் குடை. அந்த நீலத்தில் மை மெலிந்து விழுந்த இடங்களெல்லாம் சேர்ந்து ஒரு முகம். செத்துப்போன அவள் புருஷனின் முகம். இரண்டு மாதத்துக்கு முன்னால் தாடையும் காதும் வந்தன. போன வாரம் கண் வந்தது. இன்றைக்கு மேலுதடு வந்திருந்தது. கடைக்காரர் பையை விரித்தபோதே அவள் பார்த்துவிட்டாள்.

உடனே பேய், பிசாசு என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த முகம் முதலில் எப்படி வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போனது ஏன் திரும்பி வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

வீட்டின் பின்னறையில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கிறவள் அவள். விரல் இடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும் என்பதால் தெருவில் மைக்காரி என்றே பெயர். வேலை ஒன்றும் மாயம் இல்லை. மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். வெளிச்சம் பட்டால் இறுகிக்கொள்ளும் பூச்சை அதில் தடவி, படத்தை வைத்து விளக்கைக் காட்டிக் கழுவினால், படம் இருந்த இடத்தில் மட்டும் வலைக்கண் திறந்திருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. கீழே பையில் படம் விழுந்துவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு, ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. நடுவில் சற்று அசந்தால் மை வலைக்கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஸ்கிரீனும் போச்சு, அன்றைய வேலையும் போச்சு. வீடு தீப்பிடித்தாலும் 'இந்த ஒரு பையை முடிச்சிட்டு வந்துடறேன்' என்பாள் என்று புருஷன் கேலி பண்ணுவான். அவளும் சிரிப்பாள்.

ஒரு வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பகலில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஏழாம் மாடியில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். லிஃப்ட் ஓடவில்லை, வேறு வழி? கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினான். ஐந்தாம் மாடிக்கு மேல் அவன் போகவில்லை. காவலாளி பார்த்தபோது படியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தான், உயிர் இல்லை.

அதற்கு முன்னால் மூன்று முறை மனைவிக்குப் போன் செய்திருந்தான். மூன்று முறையும் பின்னறை அலமாரியில் போன் உறுமியது. மூன்று முறையும் மைக்காரி எட்டிப் பார்த்தாள். அவன் பெயர்தான். இரண்டு கையிலும் மை, ஸ்கிரீனில் பாதி இழுப்பு. "இருங்க சாமி, என்ன அவசரம், முடிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். முடித்தாள். கை கழுவினாள். திருப்பிக் கூப்பிட்டபோது காவலாளி எடுத்தான்.

அந்த மூன்று அழைப்பையும் அன்றே போனிலிருந்து அழித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவனைப் பெற்ற தாய் அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளிடமும் சொல்லவில்லை. போனில் அழிந்தது நெஞ்சில் அழியுமா? என்ன சொல்லக் கூப்பிட்டான்? நெஞ்சு வலிக்குது என்றா, பயமா இருக்கு என்றா, எடுக்கமாட்டியா பாவி என்றா? அந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்துகொள்ள அவள் எதையும் கொடுப்பாள். தெரிந்துவிடுமோ என்ற பயமும் அதே அளவு இருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பாக ஒரு வருஷம் நாலு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

அவன் செத்த வாரத்திலேயே அவன் முகத்தைப் பெரிய ஸ்கிரீனில் ஏற்றி ஒரே ஒரு துணியில் அடித்தாள். துணியிலிருந்து அவன் சிரித்ததைப் பார்த்ததும் பட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்தவள்தான், நாலு நாள் அந்த அறைப்பக்கம் வரவில்லை. புருஷன் கூப்பிட்டபோதுகூடக் காயவிடாத மை நாலு நாள் காய்ந்து கிடந்தது. எவ்வளவு கழுவியும் முகம் கறையாக வலையில் தங்கிவிட்டது. இந்தத் தொழிலில் இது சகஜம். பழைய படம் நிழலாக நிற்கும், மருந்து போட்டுத் தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும். இதுவும் மங்கியது. ஒரு வருஷத்தில் இருந்த இடம் தெரியவில்லை.

மங்கிய முகம் இந்த இரண்டு மாதமாகத் தெளிந்துகொண்டு வருகிறது, ஒவ்வொரு அங்கமாக. கழுவினால் போகவேண்டியது, கழுவக் கழுவ வருகிறது. பை கொடுத்துவிட்டு வீடு திரும்பும் சில நாட்களில், சுவரில் சாய்த்துவைத்த சட்டம் ஒரு விரல் நகர்ந்திருக்கும். ஒருநாள் வலையைத் தொட்டவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. நெருங்கி நின்று உற்றுப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் விளங்கியிருக்கும். அவள் எங்கே உற்றுப் பார்த்தாள்? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

வேறு வலை கட்டவேண்டியதுதானே என்பீர்கள். வாய்க்கென்ன, சொல்லலாம். நாளைக்குக் கட்டிடறேன் என்று அவளும் தினம் சொல்லிக்கொண்டாள். புருஷன் முகத்தைக் கத்தியால் கிழித்தெடுக்க எவளுக்குக் கை வரும்?

"யாரும்மா வந்தது?" முன்னறையிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"குடைக் கடைக்காரர், அத்தை. பை சரியில்லையாம்."

"ஏனாம்?"

"மை சரியா இறங்கல."

முன்னறை ஒரு குவளையைக் கீழே வைத்தது. பிறகு, "கழுவப்போறியா?" என்று கேட்டது.

"ஆமா அத்தை."

மாமியாரைத் தெரு மெழுகம்மா என்று கூப்பிடும். முன்னறை முழுக்க அவள் ராஜ்ஜியம். மின்சாரத்தில் சூடாகும் இரும்புத் தட்டின்மேல் பத்துப் பன்னிரண்டு தகரக் குவளைகள். ஒவ்வொன்றிலும் தேன்மெழுகும் குங்கிலியமும் உருகி, வண்ணப்பொடி கலந்து கொழகொழவென்று நிற்கும். மஞ்சள் ஒன்று, கிளிப்பச்சை ஒன்று, கத்தரிப்பூ நிறம் ஒன்று. சூடு ஆறுவதற்குள் தூரிகையால் தொட்டுப் பலகையில் தீட்டவேண்டும். தீட்டிய ஒவ்வொரு அடுக்குக்கும் அனல்காற்று காட்டி, அடியில் இருப்பதோடு ஒட்டவைக்கவேண்டும். சூடு குறைந்தால் உரிந்துவரும். கூடினால் அடியில் இருப்பதெல்லாம் மேலே வந்து கலங்கிவிடும். மெழுகம்மா பூ தீட்டினால் பூ, பறவை தீட்டினால் பறவை. பலகையைப் பார்க்கிறவர்கள் விரலால் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை.

மகன் முகம் மட்டும் வரவில்லை. கண்ணும் மூக்கும் அச்சாக வரும். அதோடு விடமாட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அனலைக் காட்டுவாள். மூக்கு கன்னத்தில் இறங்கிவிடும். அப்படி வழிந்த முகங்கள் ஒன்பது, சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கின்றன.

மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. போட்டிருந்தால் தேவலை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் அத்தை." "நீங்க?" "ஆச்சும்மா." அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. வீட்டில் மூன்றாவதாக ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இரண்டு பேரும் அளந்துதான் பேசினார்கள்.

மைக்காரி பெரிய ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். சுவரில் சாய்த்து மருந்தை அடித்தாள், தேய்த்தாள், தண்ணீர் பீய்ச்சினாள். குடை கரைந்து நீலமாகச் சாக்கடையில் ஓடியது. முகம் ஓடவில்லை. சட்டத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு வருஷமாகச் செய்யாததை அன்றுதான் செய்தாள், முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தாள். வெயில் வலை வழியாக வந்தது. நெற்றி, புருவம், இடது கண் ஓரத்துச் சுருக்கம். மேலுதடு முழுசாக இருந்தது, கீழுதடு பாதி. பேசவந்து நிறுத்திய வாய்.

"என்னங்க," என்றாள். அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "என்ன சொல்லணும்? சொல்லித் தொலைங்களேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா வந்து ஏன் கொல்றீங்க?"

வாய் பேசவில்லை. அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆவேசம். அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தாள். துணியால் பிடித்துத் தூக்கிவந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவன் நெற்றியில் ஊற்றினாள்.

கண்ணைத் திறந்தபோது முகம் அசைந்துகொண்டிருந்தது.

இமைகள் தொங்கின. கன்னம் நழுவியது. உதடு இரண்டும் பிரிந்து வாய் திறந்தது. கத்த முயலும் ஆளின் வாய்போலத் தாடைவரை, தாடையையும் தாண்டி, நீளமாகத் திறந்துகொண்டே போனது. மைக்காரி போட்ட கூச்சலில் பாத்திரம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் விழுந்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஊத்தாதடி! ஊத்தாத! போயிடுவான்!"

மெழுகம்மா ஓடிவந்து ஈரத்தரையில் மண்டியிட்டாள். அதுவரை ஒருநாளும் மருமகளை அவள் 'டி' போட்டதில்லை. சட்டத்தை மடியில் வாரி எடுத்து, வழியும் முகத்தை உள்ளங்கையால் தடுத்தாள். முகம் நிற்கவில்லை. தரையில் ஓடிய தண்ணீர் ஆற ஆற, அதில் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் மிதந்தன. மைக்காரி குனிந்து ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கினாள். பிசுபிசுத்தது.

"அத்தை, இது மெழுகு."

மெழுகம்மா நிமிரவில்லை.

"நீங்களா?"

"நீ கழுவிட்டே இருந்தியே." கிழவியின் குரல் கரகரத்தது. "என்னால பலகையில நிறுத்த முடியல. உன் வலையில அவன் தானா நின்னான். தினம் வந்து பாத்துட்டுப் போவேன். நீ மருந்து போட்டுத் தேய்க்கத் தேய்க்க மங்கிட்டே போனான். கடைசில ஒரு கோடுதான் மிச்சம். நீ பை குடுக்கப் போற நேரமாப் பாத்து, கறை இருந்த தடத்துல சின்னத் தூரிகையால மெழுகு வச்சு, லேசா அனல் காட்டிட்டு வந்துடுவேன். உன் மருந்து மெழுகை ஒண்ணும் பண்ணாதே."

மைக்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த மூச்சில் அழுகை. அதற்கும் அடுத்ததில் பொல்லாத கோபம். "ரெண்டு மாசமா நான் செத்துப் பொழைக்கிறேன் அத்தை! அவரே வர்றார்னு நினைச்சேன். என்னைக் கேக்க வர்றார்னு நினைச்சேன்!"

"உன்னை அவன் என்ன கேக்கப் போறான்?"

"ஏன் எடுக்கலன்னு கேப்பார்!" அடக்கிவைத்தது உடைந்து வந்துவிட்டது. "அன்னைக்கு மூணு தடவை கூப்பிட்டார். மூணு தடவையும் பாத்தேன். மை காஞ்சிடும்னு எடுக்கல. போதுமா? உங்க பையன் அங்க படியில உயிரை விடறார், நான் இங்க பை அடிச்சிட்டு இருக்கேன். அதைச் சொல்லத்தான் அந்த வாய் வருதுன்னு இருந்தேன்."

மெழுகம்மா கத்துவாள், அடிப்பாள், வீட்டை விட்டுப் போ என்பாள் என்று அவள் காத்து நின்றாள்.

"தெரியும்," என்றாள் மெழுகம்மா.

"எது தெரியும்?"

"மூணு தடவை கூப்பிட்டது. சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டுதே. அப்புறம் நீ உக்காந்து அதை அழிச்சதையும் பாத்தேன்." கிழவி மடியில் இருந்த வெற்றுச் சட்டத்தைப் பிடித்தபடியே சொன்னாள். "நாலாவதா என்னைக் கூப்பிட்டான். நான் எடுத்தேன்."

குழாயில் தண்ணீர் சொட்டியது. மைக்காரி அதை மூடக் கை நீட்டினாள், பிறகு எதற்கு நீட்டினோம் என்று மறந்து நின்றாள்.

"தட்டுல மெழுகு பொகைய ஆரம்பிச்சிடுச்சு. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுத்தான் பேசினேன். அவனுக்கு மூச்சு வாங்கிச்சு. ஏன்டா மூச்சு வாங்குதுன்னு கேட்டேன். படி ஏறினேம்மான்னான். எனக்குச் சரியாப் படல. சத்தியமாச் சரியாப் படல. ஆனா சிவப்பு கருகிட்டு இருந்தது. நல்ல சிவப்பு. மூணு நாள் பாடுபட்டுக் கலக்கினது. சரி அப்புறம் பேசுடான்னு வச்சுட்டேன். நீ பத்தடி தள்ளி இருந்த. கதவைத் தள்ளி உன் காதுல போனை வச்சிருக்கலாம். நான் போய்க் குவளையை இறக்கி வச்சேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த வீட்டில் இரண்டு குடமும் ஒரே பகலில் உடைந்தது. தன் குடத்துச் சில்லுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, மற்றவள் சில்லு பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் சொல்லல?" மைக்காரியின் குரல் தாழ்ந்திருந்தது. கத்தியிருந்தால்கூடக் கிழவி இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

"நீ வருத்தப்படுவேன்னுதான்..." என்று தொடங்கிய மெழுகம்மா தலையை ஆட்டினாள். "இல்ல. பொய். உன் ஒருத்தி தலையிலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீ அழுறப்பல்லாம் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு. கண்ணை வச்சேன், காதை வச்சேன், வாயை வைக்க மட்டும் ரொம்ப நாள் கை வரல. வாய் வந்தா அவன் என்னைத்தான் சொல்லுவான்னு பயம்."

"என்ன சொன்னார்?"

"ம்?"

"போன்ல. என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா? என்ன சொன்னார் அத்தை?"

மெழுகம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அவ எங்கேம்மான்னான். உள்ள அடிச்சிட்டிருக்கா, மூணு தடவையா போன் கத்துது, காது என்ன செவிடா, இரு போய் நாலு வார்த்தை கேக்கிறேன்னேன். அதுக்கு அவன்..." கிழவி சட்டத்தின் ஓரத்தைத் தடவினாள். "திட்டாதம்மா. அவ கையெல்லாம் மையா இருக்கும். பாதில விட்டா எல்லாம் காஞ்சு போயிடும் அவளுக்கு. நான் சும்மாத்தான் கூப்பிட்டேன்... அப்படின்னான்."

மைக்காரி நின்றவாக்கிலேயே சரிந்து உட்கார்ந்தாள். மூன்று முறை கூப்பிட்டவன், படியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு, அவள் எடுக்காததற்கு அவளுக்காகக் காரணம் சொல்லியிருக்கிறான். ஒரு நொடிகூட அவன் கோபப்படவில்லை. அவள் ஏன் எடுக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியும் என்பதுதான் இவளுக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தை இத்தனை நாளும் பத்தடி தூரத்தில் ஒரு கிழவியின் வாய்க்குள் இருந்திருக்கிறது.

"இதை உள்ள வச்சுக்கிட்டா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு, "தினமும் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டீங்க?"

மெழுகம்மா ஈரச் சட்டத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு எழப் பார்த்தாள். மைக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிடித்த பிடியில் கிழவியின் கையில் நீலமாக ஐந்து விரலும் பதிந்தது.

"சொல்லுங்க. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"எதுக்கும்மா..."

"சொல்லுங்க!"

மெழுகம்மா சொன்னாள். 'திட்டாதம்மா' என்பதில் கடைசி எழுத்தை அவன் எப்போதும் கொஞ்சம் இழுப்பான். தாயல்லவா, அந்த இழுப்பு அப்படியே வந்துவிட்டது. மைக்காரிக்கு உச்சந்தலையிலிருந்து பாதம்வரை சிலிர்த்தது. அந்தச் சின்னக் குளியலறையில், இரண்டு பெண்களுக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு அவன் நின்றான். அவள் மூச்சுவிடக்கூட அஞ்சினாள்.

"இன்னொரு தடவை."

இரண்டாம் தடவையும் அவன் வந்தான். சற்று தூரத்தில் இருந்தான்.

"இன்னொரு தடவை, அத்தை."

மூன்றாவது தடவை கிழவி பாதியில் நிறுத்திவிட்டாள். "வரலம்மா," என்றாள். "அவன் குரல் போயிடுச்சு."

"பரவாயில்ல. உங்க குரல்லயே சொல்லுங்க."

மெழுகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் குரலிலேயே சொன்னாள். மைக்காரி எதிரே ஈரத்தரையில், பிடித்த கையை விடாமல் உட்கார்ந்து கேட்டாள். மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவளுக்கே தெரியாது. சொல்லி முடித்ததும், "இன்னொரு தடவை" என்றாள்.